கல்முனையில் ஒரு வால் துண்டு

கல்முனையில் இறங்க வேண்டியவன் சாய்ந்தமருதில் இறங்கினேன். தவறு முழுக்க என்னுடையது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் பக்கத்தில் ஓர் ஊர் முடிந்தால் கொஞ்சம் வயல், ஒரு பாலம், ஒரு சுடுகாடு என்று வந்து, அடுத்த ஊருக்கு மனதைத் தயார் செய்துகொள்ள அவகாசம் கிடைக்கும். இந்தக் கரையோரத்தில் அதெல்லாம் கிடையாது. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் வயல், நடுவில் ஒரே தெரு. அதன் இரு பக்கமும் வீடும் கடையும் பள்ளிவாசலுமாக ஊர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. எங்கே கல்முனை முடிகிறது, எங்கே சாய்ந்தமருது தொடங்குகிறது என்பது அங்கே பிறந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

"கல்முனை எண்டு தொண்டை கிழியக் கத்தினன். நீங்க வாயப் பொளந்துக்கிட்டுத் தென்னையப் பாத்துட்டு இரிந்தீங்க" என்றார் கண்டக்டர்.

அதுவும் உண்மைதான். மட்டக்களப்பு தாண்டியதிலிருந்து வழியெல்லாம் தலையில்லாத தென்னைகள். எழுபத்தெட்டில் அடித்த சூறாவளி கொண்டைகளை முறித்துக்கொண்டு மரங்களை மட்டும் நிற்கவிட்டுப் போயிருந்தது. அவற்றின் காலடியில் புதுக் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. பார்த்துக்கொண்டே வந்ததில் ஊரைத் தவறவிட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வந்த வழியே திரும்பி நடந்தேன்.

அப்போது நான் சென்னையில் ஒரு சிறிய பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி காகிதம் விஷயமாக என்னைக் கொழும்புக்கு அனுப்பினார். அனுப்பும்போதே, "அப்படியே கல்முனைக்கு ஒரு எட்டுப் போய் அந்த வாத்தியாரையும் பார்த்துட்டு வந்துடு" என்றார். அவர் மேசையில் இருந்த வரைபடத்தில் அது ஒரு எட்டுத்தான். பஸ்ஸில் உட்கார்ந்து குலுங்கியவனுக்குத்தான் அந்தத் தீவின் அகலம் தெரியும்.

வாத்தியாரின் பெயர் ஜெமீல் மாஸ்டர். ஆங்கிலம் கற்பிப்பவர். ஒரு பழைய யூத நாவலை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி எங்களுக்கு அத்தியாயம் அத்தியாயமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தபோது தபால் நின்றுவிட்டது. கேட்டு எழுதியதற்கு, ஊரில் பிரச்சினை, புத்தகத்தை நிறுத்திவிடுங்கள் என்று இரண்டே வரி வந்தது.

"முஸ்லிம் ஊரு, யூதன் கதை. பிரச்சினை வராம என்ன செய்யும்?" என்றார் முதலாளி. ரேடியோவைத் திறந்தால் பாலஸ்தீனமும் லெபனானுமாக இருந்த காலம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வழி நெடுக அந்தக் கவலைதான். யார் யாரைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும், எந்த வார்த்தையைத் தவிர்க்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு பிரசங்கமே தயாரித்து வைத்திருந்தேன். அந்தப் பிரசங்கம் கடைசிவரை தேவைப்படவில்லை.

நாவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வடக்கே எங்கோ பனியும் சேறுமான ஒரு சின்ன ஊர். ப்ளூமா என்ற விதவை சந்தையில் உப்பு மீன் விற்கிறாள். மகள் ரிவ்காவுக்கு மெயிர் என்ற படிப்பாளிப் பையனைக் கல்யாணம் செய்துவைக்கிறாள். அந்தக் காலத்து யூதர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாப்பிள்ளை வேதம் படிக்கிறவனாக இருந்தால், சில வருஷங்கள் பெண் வீட்டிலேயே வைத்துச் சோறு போடுவதாக வாக்குக் கொடுப்பார்கள். அவன் படிக்கிற புண்ணியத்தில் வீட்டுக்கும் பங்கு உண்டு. மெயிர் பின்னறையில் உட்கார்ந்து ராகம் போட்டுப் படிக்கிறான். ப்ளூமா முன்னறையில் நின்று முணுமுணுக்கிறாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் மெழுகுவத்தி ஏற்றி ஓய்வுநாளை வரவேற்பார்கள். அன்றைய விருந்தில் மீன் தலை குடும்பத் தலைவனுக்கு உரியது. ப்ளூமா அந்தத் தலையைச் செத்துப்போன புருஷனின் வெற்று நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டு, மருமகனுக்கு வாலைப் போடுகிறாள். வாரா வாரம் வால். ஊரே இரண்டாகப் பிரிந்து இதைப் பற்றிப் பேசுகிறது.

எங்கள் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவர் இந்த இடத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: "மாப்பிள்ளை ஏன் பெண் வீட்டில் இருக்கிறான்? அடிக்குறிப்பு தேவை."

ஜெமீல் மாஸ்டர் வீடு எது என்று கேட்டபோது எல்லாரும் வழி சொன்னார்கள். சொல்லும்போது எல்லாருக்கும் வாயோரத்தில் ஒரு சிரிப்பு. அது எனக்குப் பிடிக்கவில்லை.

கிடுகு வேலி, வீட்டைச் சுற்றிச் சுத்தமாகப் பெருக்கிய வளவு, சூறாவளிக்குப் பிறகு போட்ட புதுக் கூரை. வாசலில் பாதித் திறந்த கதவு, அதற்குப் பின்னால் பூப்போட்ட திரை. கூப்பிட்டேன். திரைக்கு அப்பாலிருந்து ஒரு வயதான பெண்மணியின் குரல் வந்தது.

"ஆரு?"

"சென்னையிலிருந்து வர்றேன். ஜெமீல் மாஸ்டரைப் பார்க்கணும்."

"புத்தகக்காரரா?"

"ஆமாங்க."

"அவர் இஞ்ச இல்ல. அவர்ர உம்மாட ஊட்ட போயிட்டார்."

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

உள்ளே வேறொரு இளம் குரல் களுக்கென்று சிரித்துச் சட்டென்று நின்றது. முதலில் பேசிய பெண்மணி தொடர்ந்தார். "அவ சுகமாத்தான் இரிக்கா. வெயிலுக்க வந்திரிக்கிங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். திரைக்கு அடியிலிருந்து ஒரு தட்டில் ஒரு குவளை தேசிக்காய்த் தண்ணீர் (நம் எலுமிச்சைச் சாறு) வந்தது. என் மேல் கோபம் இருந்திருக்கலாம், ஆனால் சர்க்கரையில் குறை வைக்கவில்லை.

விஷயத்தை உடைத்துச் சொன்னவர் அடுத்த வளவுக்காரரான இஸ்மாயில் மரைக்கார். அந்தப் பெண்மணியின், அதாவது மாஸ்டரின் மாமியார் ஆசியா உம்மாவின் தம்பி. லுங்கி விற்கிற சாரக்கடை வைத்திருந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்களைத்தான் அங்கே மரைக்கார் என்கிறார்கள். என் பெட்டியைப் பார்த்ததும், நான் யாரென்று கேட்பதற்கு முன்பே அதை வாங்கித் தன் வீட்டுக்குள் வைத்தார். அன்று முதல் நான் அவருடைய விருந்தாளி.

"மாமிக்கும் மருமகனுக்கும் கொளுவல். மாஸ்டர் கோவிச்சிக்கிட்டு நிந்தவூருக்கு, உம்மாட ஊட்ட போயிட்டார்" என்றார்.

"எங்க ஊர்ல பொண்டாட்டிதான் கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போவா."

மரைக்கார் என்னை நிதானமாகப் பார்த்தார். "அவ எங்க தம்பி போற? அவ இரிக்கிறதே உம்மாட ஊட்டதானே."

யோசித்துப் பார்த்தால் சரிதான். அந்தக் கரையோரத்தில் வீடு பெண்ணுக்கு. பெற்றவர்கள் கட்டிக் கொடுப்பார்கள். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் சட்டை துணியோடு வந்து குடியேறுகிறான். சண்டை வந்தால் வெளியேறுகிறவனும் அவன்தான். எங்கள் பக்கத்தில் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்பது ஒரு ஆளை மடக்கி மூலையில் உட்காரவைக்கிற சொல் என்று சொன்னேன். இங்கே அதற்கு என்ன சொல்வீர்கள் என்றும் கேட்டேன்.

"மாப்பிள எண்டுதான் சொல்ற. வேற மாப்பிள இரிக்கா?" என்றார் மரைக்கார்.

மத்தியானம் சாப்பாடு. புது அரிசிச் சோறு, இறால் போட்ட முருங்கைக்காய் ஆணம் (அங்கே முஸ்லிம் வீடுகளில் குழம்புக்கு ஆணம் என்று பெயர்), பிறகு மண்சட்டியில் எருமைத் தயிர். தயிர்ச் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்று மரைக்கார் சொன்னார். கவிழ்த்தும் காட்டினார், விழவில்லை. வயிறு நிறைந்த தைரியத்தில் என் கவலையை வெளியே எடுத்தேன். இது யூதர்கள் கதை என்பதால்தானே பிரச்சினை என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அதுவும் வந்திச்சு, இல்லையெண்டு சொல்லல்ல" என்றார் அவர். "ரேடியோவக் கேட்டுட்டு ரெண்டு பேர் பள்ளிவாசல்ல என்னட்டக் கேட்டாங்க, மாஸ்டர் என்ன வேலை பாக்கார் எண்டு. மாஸ்டர் பின்னேரத்தில வாசிகசாலையில இரிந்து அந்தக் கதைய வாசிச்சுக் காட்டுறவர். நானும் போய் இரிந்து கேட்டன். அண்டைக்குக் கோழிட கதை."

அந்த அத்தியாயம் எனக்கு நன்றாகத் தெரியும். ஓர் ஏழைப் பெண் ஓய்வுநாளுக்காகக் கோழி வாங்குகிறாள். குடலுக்குள் ஓர் ஊசி கிடக்கிறது. தின்னலாமா கூடாதா என்று கேட்கக் கோழியும் கையுமாகச் சேற்றில் ஓடி ஊர்க் குருவிடம் போகிறாள். அவர் ஊசியைப் பார்க்கிறார், வேத நூலைப் பார்க்கிறார், அவள் பின்னால் வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கிறார். மறுபடி நூலைப் புரட்டி, தின்னலாம் என்று சொல்ல ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்.

"எங்கட பள்ளிவாசல் லெப்பையும் அப்பிடித்தான் கிதாபப் புரட்டுவார்" என்றார் மரைக்கார். "மறுகா அந்த ரெண்டு பேருக்கும் நான் சொன்னன். இண்டைக்கு லெபனான்ல அவங்கட பட்டாளம் செய்யிற அநியாயத்த நான் சரியெண்டு சொல்லல்ல, சொல்லவும் மாட்டன். இது அதுக்கு முந்தின ஆக்கள்ற கதை. பண்டி இறைச்சி தின்னாத ஆக்கள், ஆண்டவன்ட பேர் சொல்லி அறுக்கிற ஆக்கள். பெரிய கூட்டத்துக்கு நடுவுல சின்னக் கூட்டமா இரிந்து, ஆருக்கும் கோவம் வராமச் சீவிக்கப் பாக்கிற ஆக்கள். அத எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவல்ல எண்டு சொன்னன். அதோட அந்தக் கதை முடிஞ்சிட்டு."

"அப்போ பிரச்சினை எதனால?"

மரைக்கார் வேலிக்கு அப்பால் அக்காவின் வீட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "மீன் வாலால" என்றார்.

நடந்தது இதுதான். ஜெமீல் மாஸ்டரின் மொழிபெயர்ப்பில் ப்ளூமா வாயைத் திறந்தால் ஆசியா உம்மா பேசினார். சூறாவளி அன்று கூரை பிய்த்துக்கொண்டு போனபோது, மாஸ்டர் புத்தக அலுமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாராம். "கூரை பறந்தாலும் காரியமில்ல, இவர்ர புத்தகத்தில ஒரு பக்கம் பறக்கப்படா" என்று ஆசியா உம்மா அன்று சொன்னது தெருவுக்கே தெரியும். நாவலில் ஊர் தீப்பற்றி எரியும்போது மெயிரைப் பார்த்து ப்ளூமாவும் அதையே சொன்னாள். வாசிகசாலையில் கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பெண்களிடம் சொன்னார்கள். அடுத்து வால் அத்தியாயம் வந்தது. மறுநாள் காலை மீன்காரனிடம் மீன் வாங்கும்போது பக்கத்து வீட்டுக்காரி, "என்ன ஆசியா உம்மா, இண்டைக்கு வால் ஆருக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

ஆசியா உம்மா மீனை வாங்காமல் உள்ளே போனார். ஆங்கிலப் புத்தகத்தையும் மாஸ்டரின் கையெழுத்துப் பிரதியையும் அலுமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். மாஸ்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர்தான்.

"ஊடு குடுத்தா. வயல் குடுத்தா. இப்ப ஊருக்குள்ள அவ வால் குடுத்தவ. ஒரு மாமிக்கு இதவிட என்ன வெக்கம் தம்பி?" என்றார் மரைக்கார். சிரித்துக்கொண்டு ஆரம்பித்தவர், இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

மறுநாள் காலை இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு மரைக்காரின் சைக்கிளில் நிந்தவூருக்குப் புறப்பட்டேன். சாய்ந்தமருது கடந்து காரைதீவு வந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி போய்க் கோயில் மணி வந்தது. அறுவடைக் காலம். பாதி ரோட்டை நெல் காய்வதற்கு எடுத்துக்கொண்டிருந்தது. நெல்லின் மேல் சைக்கிளை விட்டதற்காக ஒரு பெண் திட்டினாள். நெல்லுக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கியபோது எதிரே எருமை மந்தை. எருமைக்கும் மரியாதை கொடுத்து ஒதுங்கியதில் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டேன். இடுப்பளவு தண்ணீர், அடியில் நல்ல சேறு.

ஜெமீல் மாஸ்டர் தன் பதிப்பகத்துக்காரரை முதன்முதலாகப் பார்த்தது அந்தக் கோலத்தில்தான். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. வேலியோரம் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும், "நாவல்ல வாற சேறு எப்பிடியிருக்கும் எண்டு பாக்க இறங்கினீங்களா?" என்று கேட்டார். மருதமுனைச் சாரம் ஒன்றைக் கொடுத்துக் கிணற்றடிக்கு அனுப்பினார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவருடைய தாயார் பாண் ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு நேரே கேட்டேன். மாமியாரின் பேச்சை எடுத்து ப்ளூமாவின் வாயில் போடுவானேன்?

"இங்கிலீசில ப்ளூமா கதைக்கிறது அரசாங்கக் கச்சேரியில பெட்டிசம் வாசிக்கிற மாதிரி இரிக்கு. அவளுக்கு ஒரு குரல் வேணும். எனக்கு இரிக்கிறது ஒரு மாமி. நான் வேற எங்க போய்த் தேடுற?" என்றார்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மாமியோட நேர கதைக்கிற வழக்கமில்லயே."

அதுவும் அங்கே ஒரு மரியாதை. மாமியார் மருமகனுக்குச் சொல்ல வேண்டியதை, அவர் காதில் விழும்படி மகளிடம் சொல்வார். மருமகன் பதிலை மனைவியிடம் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் நடுவில் மனைவி ஹபீபாதான் தபாற்கந்தோர், அதாவது தபாலாபீஸ். இப்போது கந்தோரையும் மூடியாகிவிட்டது.

மெய்ப்புத் திருத்துபவரின் அடிக்குறிப்புக் கேள்வியைச் சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "கலியாணம் முடிச்சா அங்கதானே இரிப்பான், வேற எங்க இரிப்பான்?" என்றார். பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக ஆங்கிலக் கதை படித்தபோது, பெண் அழுதுகொண்டே புருஷன் வீட்டுக்குப் போகிற இடம்தான் அவருக்குப் புதிராக இருந்ததாம். அதற்கு யாரும் அடிக்குறிப்புப் போடவில்லை என்று ஒரு குறையாகவே சொன்னார். யூத நாவலைப் படித்தபோதுதான், தன்னைப்போல ஒரு மாப்பிள்ளை புத்தகத்தில் இருப்பதை முதன்முதலாகப் பார்த்தாராம்.

"திரும்பிப் போகலாமே" என்றேன்.

"வெளிக்கிட்ட ஆம்புள தானாத் திரும்பிப் போக ஏலா. அங்கயிரிந்து ஆள் வரணும்." கையிலிருந்த கோப்பையைச் சுழற்றினார். பிறகு, "வாசலடிக்குப் போனீங்கதானே. ஹபீபாட குரல் கேட்டிச்சா?" என்று கேட்டார்.

"பேச்சுக் கேட்கலை. ஒரு சிரிப்பு கேட்டுது."

"சிரிச்சாவா?" என்றார். அந்த முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்குப் புத்தகம் மறந்துபோய், இந்த ஆளை எப்படியாவது வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது.

அதற்கடுத்த நாள் காலையில் நானாகவே ஆசியா உம்மாவின் வாசலுக்குப் போனேன். திரைக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். அந்தப் பக்கம் அவர் உட்காருகிற சத்தம் கேட்டது. அவர் முகத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை.

"நீங்க படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்கிங்க தம்பி. இன்னும் கொஞ்சம் கதைங்க" என்றார் முதலில். ஹபீபா உள்ளே சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு நான் எதுவும் கேட்காமலே ஆசியா உம்மா ஆரம்பித்தார்.

"அந்தப் பொம்புள என்ட பேச்சக் கதைச்சா எனக்கென்ன? கதைச்சிட்டுப் போகட்டும். நான் ஏசுறதுதான், ஊருக்கே தெரியும். வாலுக்குத்தான் எனக்கு மனசு வெந்த. கலியாணம் முடிச்ச நாள் தொட்டு நான் தலையத்தான் வெக்கிற. அவர் திண்ண மாட்டார். ஹபீபாட்டச் சொல்லி வாலத்தான் கேப்பார், அதுவும் பொரிச்சு. ஏன் தெரியுமா? தலை திண்டா ரெண்டு கையும் வேணும். வால் எண்டா ஒரு கையால திண்டுட்டு மத்தக் கையால பக்கம் புரட்டலாம். அப்பிடித் திண்ட ஆள், ஊரெல்லாம் சிரிக்கக்குள்ள வாயத் திறந்து, நான் கேட்டுத்தான் திண்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லல்ல. அதுதான் எனக்கு."

நான் மூன்று நாளாக யூதர், முஸ்லிம், அரசியல், மொழிபெயர்ப்பு என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒரு வாக்கியம். அதைச் சொல்ல வேண்டியவருக்கு அது தோன்றவே இல்லை. எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

"நான் போய் அவர்கிட்டச் சொல்றேன்" என்றேன்.

"சொல்லப்படா" என்றார் உடனே. "நீங்க சொல்லி அவர் சொன்னா அது உங்கட சொல்லு."

பிறகு மெதுவாக, "அந்தப் பொம்புளைக்கு மறுகா என்ன நடந்த?" என்று கேட்டார். வாசிகசாலையில் கதை கடைசி அத்தியாயத்துக்குப் போகவே இல்லை. பூட்டி வைத்திருந்தவருக்கும் முடிவு தெரியாது. நான் ஆங்கிலத்தில் படித்திருந்தேன்.

சொன்னேன். வாக்குக் கொடுத்த வருஷங்கள் முடிந்துவிடுகின்றன. மெயிர் புத்தகங்களைக் கட்டி வண்டியில் ஏற்றத் தயாராகிறான். அன்று வெள்ளிக்கிழமை. ப்ளூமா மெழுகுவத்தி ஏற்றுகிறாள். மீன் தலையை எடுத்து, வெற்று நாற்காலிக்கு முன்னால் வைக்காமல், மருமகனுக்கு முன்னால் வைக்கிறாள். பின்னறையிலிருந்து அந்தப் படிக்கிற சத்தம் வராத வீட்டில் அவளால் இருக்க முடியாது. அதைச் சொல்லவும் தெரியாது. அதனால் கணக்குத் தப்பு என்கிறாள்.

"என்னெண்டு சொல்றா?"

"'நீ நோயுற்றிருந்த ஆண்டில் சரியாக உண்ணவில்லை. எனவே அந்த ஆண்டைக் கணக்கில் சேர்க்க இயலாது' அப்படீன்னு..."

"அப்பிடியா ஒரு மாமி கதைப்பா?" என்று ஆசியா உம்மா இடைமறித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "என்ன அவசரம் இப்ப? காய்ச்சல் வந்த வருசம் நீங்க திண்டது ஒரு சோறா? அத ஆரு கணக்கில எடுத்த? இரிங்க, இன்னும் ஒரு வருசம் கிடக்கு."

சேறும் பனியுமான அந்த ஊர் ப்ளூமாவை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். திரைக்கு அப்பால் ஹபீபா மூக்கை உறிஞ்சினார்.

"நீங்க சொன்னதை அப்படியே புத்தகத்தில போடலாமா?" என்று கேட்டேன்.

"அத அவர் வந்து கேக்கட்டும்" என்றார் ஆசியா உம்மா. எழுந்தபோது சாவிக்கொத்து கிலுகிலுத்தது. "என்ட தம்பி மரைக்காரிட்டச் சொல்லுங்க, நாளைக்கு ஜும்ஆ முடிய அவரக் கூட்டிக்கிட்டு வரட்டும். நான் கூப்பிட்ட எண்டு சொல்ல வேணாம். மறுகா, வாசிகசாலையில முன்னுக்கு இரிந்து சிரிச்ச ஆக்கள் ஆராரு எண்டு அவனுக்குத் தெரியும். அவங்களையும் சாப்பாட்டுக்கு வரச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை. மரைக்கார் நிந்தவூருக்குப் போய்த் தொழுகை முடிந்த கையோடு மருமகனை அழைத்துவந்தார். முன்னறையில் பாய் விரித்து, சஹன் என்கிற பெரிய தட்டங்களில் சோற்றைக் குவித்து வைத்தார்கள். ஒரு தட்டத்தைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது வழக்கம். எங்கள் தட்டத்தைச் சுற்றி மரைக்கார், ஜெமீல் மாஸ்டர், நான். அடுத்த தட்டங்களில் சிரித்தவர்கள் எல்லாரும். இப்போது யாரும் சிரிக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண்கள் நிற்பதும் தெரிந்தது.

திரைக்கு அடியிலிருந்து தட்டுகள் வர வர மரைக்கார் வாங்கி வைத்தார். கத்தரிக்காய், கீரை, பருப்பு. கடைசியில் ஒரு பெரிய கொடுவா மீனின் தலை, ஆணத்தில் மிதந்தபடி வந்தது. மரைக்கார் அதை ஜெமீல் மாஸ்டருக்கு நேரே வைத்தார். அறை முழுக்க அதைத்தான் பார்த்தது.

மாஸ்டர் தலையைப் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது. மரியாதைக்காக அவர் அதைப் பேசாமல் தின்றுவிட்டால், புத்தகம் படித்த பிறகு மாமியார் திருந்திவிட்டாள் என்றுதான் ஊர் சொல்லும். அந்தப் பேர் ஆசியா உம்மாவுக்கு ஆயுசுக்கும் போகாது. சொல்லக் கூடாது என்ற வாக்குக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மாஸ்டரின் கை தலையை நோக்கி நீண்டது. பாதி வழியில் நின்றது. அடுத்த தட்டங்களில் இருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார், பிறகு வேலியைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். முகம் சிவந்துவிட்டது.

அவர் ஹபீபாவைக் கூப்பிடவில்லை. திரையைப் பார்த்து நேராக, வகுப்பில் பின்வரிசைக்குக் கேட்கப் பேசுகிற குரலில், "மாமி" என்றார்.

குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"மாமி, நீங்க எப்பவும் தலையத்தான் வெக்கிறீங்க. நான்தான் எப்பவும் வேணாம் எண்டு வாலக் கேட்டு வாங்கித் திண்ட. இண்டைக்கும் எனக்கு வால் துண்டத் தாங்க."

உடனே திரைக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் தட்டு வந்தது. அதில் பொன்னிறமாகப் பொரித்த வால். அது முன்கூட்டியே பொரித்துத் தயாராக இருந்திருக்கிறது. தட்டின் ஓரத்தில் அலுமாரிச் சாவி.

பிறகு ஆசியா உம்மாவின் குரல், வழக்கம்போல மகளைப் பார்த்து, ஆனால் வேலி தாண்டிக் கேட்கும்படி வந்தது.

"புள்ள, அவர் கேட்டதக் குடுத்தாச்சு. வந்திரிக்கிற ஆக்கள் எல்லாருக்கும் கேட்டிச்சா எண்டு ஒருக்காக் கேளு."

மரைக்கார் வாயிலிருந்த சோற்றை விழுங்கினார்.

"ஓம் ராத்தா," என்றார் அக்காவிடம், "கேட்டிச்சு."